மச்சக் கத்தியும் அண்ணையின் கைத்துப்பாக்கியும்

ஆயுத பூசை அன்று அண்ணை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். அண்ணை இருப்பது அமெரிக்காவில், டெக்சாசில். அங்கே அவருக்கு ஒரு பெட்ரோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் இருக்கின்றன. படத்தில் அவருடைய வீட்டுச் சாமி அறை தெரிந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவல், கடலை, வாழைப்பழம். பக்கத்தில் பிள்ளைகளின் புத்தகங்கள், ஒரு திருகாணிச் சாவி, கடையில் விலை ஒட்டும் கருவி, காரின் சாவி. எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கார்த் திறப்புக்குப் பக்கத்தில், அதே அளவு பொட்டோடு, ஒரு கறுப்புக் கைத்துப்பாக்கி கிடந்தது.

நான் அப்போது லண்டன் டூட்டிங்கில் வேலை செய்யும் கடையில், மீன் பகுதியில் நின்றேன். கையைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணை அனுமதிப் பத்திரம் எடுத்துத் துப்பாக்கி வாங்கியிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது அது பொட்டு வைத்துக்கொண்டு, குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்தது.

ஹரோவில் இருக்கும் அக்கா, தலையில் கை வைத்த பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள். என் மகள், "பெரியப்பா, சீரியஸ்லி?" என்று எழுதினாள். என் மனைவி ஒன்றும் எழுதவில்லை.

பின்னேரம் கோலியர்ஸ் வுட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, கலியாணத்துக்கும் உங்கட அண்ணை அதைக் கொண்டு வருவாரோ?"

தை மாதம் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். நாங்கள் மூன்று பேரும் போவதென்று முடிவாகி இருந்தது. அண்ணையை நான் நேரில் கண்டு பதினெட்டு வருடங்கள். முதலில் எனக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து விசாக் கடிதம் வருவதற்குக் காலம் போனது. பிறகு அவருக்குக் கடையைப் பூட்ட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போனில் கதைத்துக்கொண்டே நாங்கள் இரண்டு பேரும் நரைத்துவிட்டோம். நான் இங்கே கடிதத்துக்குக் காத்திருந்த நாட்களில், வாரம் தவறாமல் அழைத்து, "பயப்பிடாதை, நான் இருக்கிறன்" என்று சொன்னவர் அவர். அவருக்கும் அப்போது ஒன்றும் நிரந்தரமில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

"தெரியேல்லை," என்று மனைவிக்குச் சொன்னேன்.

"கொண்டு வந்தா நான் வரேல்லை. நீங்களும் பிள்ளையும் போயிட்டு வாங்கோ."

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஊரில் சண்டை நடந்த காலத்தில், அவள் சிறுமியாக இருந்தபோது, அவர்களின் வீட்டுக்குத் துப்பாக்கியோடு ஆட்கள் சாப்பிட வருவார்கள். ஒரு காலத்தில் ஒரு சீருடை, இன்னொரு காலத்தில் இன்னொரு சீருடை. யார் வந்தாலும் அவளுடைய அம்மா சோறு போட வேண்டும். வந்தவர்கள் துப்பாக்கியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடத்துவார்கள். பிள்ளை பயந்துவிட்டது என்று யாரோ ஒருவன் அவளையும் பக்கத்தில் இருத்தி, "நீயும் சாப்பிடு" என்றானாம். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான், ஆனால் தன்னால் விழுங்க முடியவில்லை என்று அவள் எனக்குச் சொன்னது எங்களுக்குக் கலியாணமாகிப் பத்து வருடங்களுக்குப் பிறகு. இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் திறப்புக் கோர்வையை வைத்தாலும் எடுத்து அப்பால் வைப்பாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள டிக்கெட் போடோணும்," என்றாள். "அதுக்கு முதல் நீங்கள்தான் கேக்கோணும். அவர் உங்கட அண்ணை."

எனக்கு அதுதான் ஏலாத காரியம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வந்து தங்கின. அவர்கள் போன பிறகு கூரை இல்லை. அண்ணை என்னை விட ஏழு வயது மூத்தவர். அப்பாவுக்குப் பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அவர்தான் முடிவெடுத்தார். அவர் சொன்னால் நான் "ஓம் அண்ணை" என்பேன். ஐம்பது வயது தாண்டியும் அவரிடம் வேறு வசனம் எனக்கு வந்ததில்லை.

அந்த ஞாயிறு நாலு மணிக்கு எல்லோரும் வீடியோவில் கூடினோம். டெக்சாசில் அப்போது காலை பத்து மணி. ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் அக்காவுக்கு எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க முடியாது. அவளே நடுவராகிவிட்டாள்.

"ஒருத்தரும் கத்தாதேங்கோ. இடம் இடமா எடுப்பம். அண்ணை அதை எங்க கொண்டு போகலாம், எங்க கொண்டு போகக் கூடாது. முதல், கடை."

"கடையில வேணும்," என்றார் அண்ணை. "அண்டைக்கு நான் நிலத்தில குப்புறப் படுத்துக் கிடக்கேக்க நீங்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்லை."

இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் காலையிலேயே துப்பாக்கியோடு அவருடைய கடைக்குள் வந்து, அவரைப் படுக்க வைத்துவிட்டு, அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பத்திரம் எடுத்தார்.

"கடை சரி," என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். "அடுத்தது கார்."

"கார்ல என்னத்துக்கு பெரியப்பா?" என்றாள் மகள். "டிராபிக் லைட்டையா சுடப் போறீங்கள்?"

"பிள்ளை, கடையைப் பூட்டிப்போட்டு நான் ஒருத்தன்தானே வீட்டை வாறன். உன்ர லண்டன் மாதிரி இஞ்ச ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பஸ் வராது."

"கோயில்?" என்றாள் அக்கா.

"கோயில் வாசலில போர்ட் போட்டிருக்கு, கொண்டு வரக் கூடாதெண்டு. நான் வீட்டிலயே வைச்சுப்போட்டுத்தான் போறனான். நான் சட்டத்துக்கு விரோதமா ஒண்டும் செய்யிறேல்லை."

"கோயில் சாமிக்கு முன்னால கூடாது, வீட்டுச் சாமிக்கு முன்னால ஓமோ?" என்றாள் மகள்.

"அது ஆயுத பூசையடி. ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் அகப்பையையோ வைக்கிறது?"

நடுவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனதில் இருப்பதை அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தாள் போல. அக்கா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அப்ப, கலியாண மண்டபம்?"

"முந்நூறு சனம் வருது. தெரியாத ஆக்களும் வருவினம். மண்டபக்காரர் வேண்டாமெண்டு சொல்லேல்லை. நான் பொம்பிளையின்ர தகப்பன், நான் பாக்காமல் ஆர் பாக்கிறது?"

"பெரியப்பா, வேட்டியில எங்க செருகுவீங்கள்?"

"அதுக்குப் பெல்ட் இருக்கு."

"அண்ணை, ஐயர் தர்ப்பை கேக்கேக்க மாறி எடுத்துக் குடுத்துப்போடாதேங்கோ," என்றாள் அக்கா.

மறுபடியும் சிரிப்பு. என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று அண்ணை நினைத்திருப்பார். அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன தம்பி, நீ வாயே திறக்கேல்லை? நீ என்னெண்டு திறப்பாய்! பஸ்ஸுக்கை கத்தியோட போய்ப் பொலிஸிட்டப் பிடிபட்ட ஆளெல்லோ நீ!"

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஓம் அண்ணை," என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணை சொன்னது பொய்யில்லை. மீன் வெட்டுகிறவனுக்குக் கத்தி கைக்குப் பழக வேண்டும். முன்பு நான் கடைக் கத்தியைத் தொடுவதில்லை. என்னுடையதைத் துவாயில் சுற்றி, ஏப்ரனுக்குக் கீழே, பையின் அடியில் வைத்துத் தினமும் கொண்டு போய்க் கொண்டு வருவேன். ஒரு நாள் பஸ்ஸால் இறங்கியபோது தரிப்பிடத்தில் பொலிஸ்காரர்கள் நின்று பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என் பையைத் திறந்த பொலிஸ்காரனுக்கு என் மகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். துவாயை விரித்தவன் ஓரடி பின்னால் போனான். காரணம் என்ன சார் என்று கேட்டான்.

எனக்கு இங்கிலீஷ் அந்த நேரத்தில் முழுவதும் ஓடிவிட்டது. "மீன்," என்றேன் தமிழில். பிறகு "பிஷ்" என்றேன். அவன் துவாயை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனான். முகம் கோணிப் போனது. நான் சொல்வது உண்மை என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைக்குப் போன் எடுத்தான். எங்கள் முதலாளி கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "ஹி இஸ் மை பிஷ் மான்" என்று மூன்று தரம் சொன்னார். பொலிஸ்காரன் கத்தியைப் பழையபடி சுற்றி, எனக்கு நன்றி சொல்லித் திருப்பித் தந்தான். வேலைக்குக் கொண்டு போகிறவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றான்.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் பிரபலம். நான் யாருக்கும் சொல்லாதது வேறு ஒன்று. அவன் துவாயை விரித்தபோது, எனக்கு முன்னால் பஸ்ஸால் இறங்கிய ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வழியெல்லாம் என் பக்கத்து இருக்கையில் இருந்தவள். மடியில் சின்னப் பிள்ளை. கத்தியைக் கண்டதும் அவள் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். என்னிடம் நல்ல காரணம் இருந்தது. பொலிஸ்காரன் அதை ஏற்றுக்கொண்டான். ஆனால் அந்தக் காரணத்தை நான் என் நெற்றியில் எழுதி ஒட்டவில்லை. அன்றிலிருந்து கத்தி கடையிலேயே தங்கிவிட்டது. இத்தனை நாள் பஸ்ஸில் அது வந்து போனதற்கு, பழக்கத்தைத் தவிர வேறு தேவை இருக்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையின் பின்பக்கத்தில் மீன் பெட்டிகளுக்கு நடுவே நின்று அண்ணைக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை மூன்று வரியாக மீன் சுற்றும் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஐஸ் தண்ணி பட்டு இரண்டாவது வரி கரைந்து போயிருந்தது.

டெக்சாசில் காலை ஆறு மணி. அண்ணை கடை திறக்கும் நேரம்.

"என்னடா? ஆருக்கும் சுகமில்லையோ?" என்றார் பதறிக்கொண்டு. ஞாயிறு தவிர்ந்த நாளில் நான் அவரை அழைத்ததில்லை. நானாக அழைத்ததே குறைவு.

"எல்லாரும் சுகம் அண்ணை. எங்கட கடையில ஆயுத பூசைக்கு என்ர கத்தியை வைக்கேல்லை."

தாளில் நான் எழுதியிருந்தது அது இல்லை. வாயில் வந்தது அதுதான்.

"அதுக்கு?"

"தராசுக்குப் பொட்டு, சாமான் ஏத்துற வானுக்குப் பொட்டு, பிரிட்ஜுக்குக் கூடப் பொட்டு. முதலாளி குங்குமத்தோட மீன் பக்கம் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிப் போயிட்டார்."

"மச்சக் கத்திதானே. மீனும் இறைச்சியும் வெட்டுறதை ஆர் சாமிக்கு முன்னால வைக்கிறது? அம்மா வீட்டில மச்சச் சட்டியையே வெளியிலதானே கவிட்டு வைக்கிறவ."

"ஓம் அண்ணை. அப்ப உங்கட அதை...?"

அண்ணை சிரிக்கத் தொடங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்கும் சிரிப்பு. மூச்சு முட்டி இருமல் வந்து நிற்கும்.

"டேய், இது இன்னும் சுத்த சைவம், மரக்கறிதான்ரா! வாங்கின நாள் தொட்டு ஒண்டையும் கடிக்கேல்லை."

"மரக்கறியாவே இருக்கட்டும் அண்ணை. அதுக்குத்தான் போன் எடுத்தனான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, மீதியை ஒரே மூச்சில் சொன்னேன். பஸ்ஸில் வந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு என் மனைவியின் அம்மா சோறு போட்டதையும், தட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததையும் சொன்னேன். "அவ வரமாட்டன் எண்டுறா. அவ வராமல் நான் வந்து பந்தியில எப்பிடி இருக்கிறது அண்ணை? மண்டபத்தில அது வேண்டாம். சாப்பிடுற இடத்திலயும் வேண்டாம்."

வாழ்க்கையில் அண்ணையிடம் "வேண்டாம்" என்று நான் சொன்னது அதுதான் முதல் தரம். போனில் அவருடைய கடைக் கோப்பி இயந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி ஏன் இதை என்னட்டச் சொல்லேல்லை?" என் மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அவ எனக்கே பத்து வருசம் கழிச்சுத்தான் சொன்னவ."

"ம்."

பிறகு அவர் தானாகவே சொன்னார். "அண்டைக்கு நிலத்தில கிடக்கேக்க நான் என்னைப் பற்றி யோசிக்கேல்லை, தம்பி. விடியக் காலமை கோப்பி வாங்க ஒரு கிழவர் வாறவர். கதவு மணி அடிக்கப் போகுது, அந்தாள் ஒண்டும் தெரியாமல் உள்ளுக்கை வரப்போகுது எண்டுதான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன். இண்டைக்கும் அந்த மணி அடிச்சா எனக்குக் கை தன்பாட்டில இடுப்புக்குப் போகுது."

இதை அவர் எங்களில் ஒருவருக்கும் சொன்னதில்லை. இரண்டு வருடமாக, அவர் பகிடியாகச் சொல்லி நாங்கள் பகிடியாகக் கேட்டிருக்கிறோம்.

"கலியாணத்துக்குக் கொண்டு வரேல்லை," என்றார். "காரிலயும் விடமாட்டன், இஞ்ச காரை உடைச்சு அதைத்தான் முதல் எடுக்கிறாங்கள். வீட்டில இரும்புப் பெட்டி இருக்கு. பூட்டித் திறப்பை உன்ர அண்ணியிட்டக் குடுக்கிறன். நீங்கள் நிண்டு போகும் வரைக்கும் சாப்பாட்டு மேசைப் பக்கம் அது வராது. தங்கச்சியிட்டச் சொல்லு."

"ஓம் அண்ணை."

"ஆனா கடையில கழட்டமாட்டன். அதை மட்டும் என்னட்டக் கேளாதை."

"அதைக் கேக்கேல்லை அண்ணை."

"கடைக்கு வருவியோ? அது இடுப்பில இருக்கேக்க?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. வருடக்கணக்காக அவர் போனில் அந்தக் கடையைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இது புதுத் தட்டு, இது புது விளக்கு என்று. அந்தக் கதவு மணியையும், அதற்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணையையும் நினைத்துப் பார்த்தேன்.

"வாறன்," என்றேன். "காலமையே வாறன். கதவடியில நான் நிக்கிறன்."

"நீ கதவடியில நிண்டா ஒரு சனமும் உள்ளுக்கை வராது. உன்னில மீன் மணக்கும்," என்றார். பிறகு பழைய அண்ணையாகி உத்தரவு போட்டார். "கலியாணத்துக்கு அடுத்த நாள் மச்சச் சாப்பாடு. மீன் நீதான் வெட்டோணும். இஞ்ச உள்ளவங்கள் அறக்குளா மீனை மரம் அரியிற மாதிரி அரியிறாங்கள். உன்ர கத்தியைக் கொண்டு வா."

அடுத்த ஞாயிறு அவர் இதெல்லாவற்றையும் தானே யோசித்து எடுத்த முடிவு மாதிரி எல்லோருக்கும் அறிவித்தார். நான் வழக்கம் போல "ஓம் அண்ணை" என்றேன். நடுவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். சாமி அறை விசயத்தில் மட்டும் அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் வைப்பேன், மரக்கறி என்றார். மகள் விடவில்லை. அந்த வாதம் இன்றைக்கும் போகிறது.

புறப்பட முதல் நாள் பின்னேரம் படுக்கையில் பெட்டியை விரித்து வைத்து அடுக்கினோம். கத்தியைக் கடையில் இருந்து பஸ்ஸில் கொண்டு வராமல் இருக்க, முதலாளி தன் வானில் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கைப்பையில் வைக்கக் கூடாது, பிளேனின் கீழ்ப்பகுதியில் ஏற்றும் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று மகள் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அலகுக்கு மட்டை வைத்துக் கட்டி, துவாயில் சுற்றி, பெட்டிக்குள் வைக்கக் குனிந்தேன்.

மனைவி பெட்டியின் மறுபக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன காரணம் சார்?" என்றாள்.

"கலியாண வீட்டு மீன்," என்றேன்.

அவள் என் கையில் இருந்து துவாயை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய் மணந்து பார்த்தாள். முகத்தைக் கோணினாள். பிறகு தன் கூறைச் சேலையிலிருந்து தள்ளி, என் சட்டைகளுக்கு நடுவே அதை வைத்து மூடினாள்.